சட்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது

திருகோணமலை
ஞாயிறு இரவு

அன்பு மகளுக்கு,

நேற்று நீ போனில் சொன்னதிலிருந்து அதே யோசனையாக இருக்கிறேன். மாத்தறையில் உன் வாடகை வீட்டுக்கார அம்மா ஒவ்வொரு இரவும் சாப்பாடு கொண்டுவந்து தருகிறார், காசு கொடுத்தால் வாங்குகிறார் இல்லை, கூச்சமாக இருக்கிறது, மாதம் முடிய வேறு இடம் பார்க்கப்போகிறேன் என்றாய். அவசரப்படாதே பிள்ளை. நாங்கள் இந்த ஊருக்கு வந்த கதையை நான் உனக்கு முழுதாகச் சொன்னதே இல்லை.

1998 நவம்பர், சண்டைக் காலம். நீ ஆறு மாதக் கைக்குழந்தை. செப்டெம்பர் கடைசியோடு பலாலி விமானமும் நின்றுவிட்டது, ஏ9 வீதி மூடியே கிடந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வெளிக்கிடுவதென்றால் கப்பல்தான். ஊரைவிட்டு வெளிக்கிட ஆமி தரவேண்டிய கிளியரன்ஸ் அப்பாவுக்குக் கிடைக்கவில்லை. உன்னையும் ஒரு பையையும் தூக்கிக்கொண்டு காங்கேசன்துறையில் நான் தனியாக ஏறினேன். வழி முழுக்கச் சத்தி. இங்கே இறங்கினால் மாரி மழை. தெரிந்தவர்கள் என்று நம்பி வந்த வீட்டில் பூட்டுத் தொங்கியது. அவர்கள் கொழும்புக்குப் போய்ப் பத்து நாளாம். தாழ்வாரத்தில் ஒதுங்கி, சேலைத் தலைப்பால் உன்னை மூடிக்கொண்டு நின்றேன். தெருவில் இரண்டு புள்ளிமான்கள் நனைந்தபடி நின்றன. ஊருக்குள் மான் நிற்கும் என்று எனக்கு அன்றுவரை தெரியாது.

பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. முக்காடு போட்ட ஒரு பெண், "பிள்ள நனையுது, உள்ள வாங்க" என்றார். பெயர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. உன்னை வாங்கித் தலையைத் துவட்டினார். ராத்தாவை நான் முதன்முதல் கண்டது அப்படித்தான்.

பின்னறையை ஒழித்துத் தந்தார். பொலிஸில் பதிய என்னோடு வந்தார், உன்னைக் கிளினிக்குக்குக் கொண்டுபோனார். எனக்கோ வாங்க வாங்க மனது சுருங்கியது. அடுத்த மாதம் நோன்பு தொடங்கியது. பின்னேரமானால் ஒரு அலுமினியச் சட்டியில் கஞ்சி வரும். மூடியைத் திறந்தால் இஞ்சியும் ரம்பையும் தேங்காய்ப்பாலும் கலந்த ஆவி முகத்தில் அடிக்கும். நாலாம் நாள் சட்டியைச் சாம்பல் போட்டு மினுக்கி, உள்ளே இரண்டு இருபது ரூபாய்த் தாள்களை வைத்துக் கொடுத்தேன். ராத்தா ஒன்றும் பேசவில்லை. தாள்களை எடுத்து உன் கைக்குள் வைத்து, விரல் விரலாக மடக்கிவிட்டார். அவர் முகம் வாடியிருந்தது. அன்றிரவு எனக்கு நித்திரை இல்லை.

தைப்பொங்கலும் அந்த நோன்புக்குள்ளேயே வந்தது. வெறும் சட்டி திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று உன் அம்மம்மா சொல்லுவா. கடையில் கடன் சொல்லிப் பச்சை அரிசியும் சர்க்கரையும் வாங்கிப் புக்கை பொங்கினேன். நோன்பு துறக்கும் நேரம் பார்த்து அதே சட்டியில் கொண்டுபோனேன். ராத்தா பேரீச்சம்பழம் தின்று, தண்ணீர் குடித்து, அடுத்ததாக என் புக்கையைத்தான் எடுத்தார். "இனிப்புக் காணாது புள்ள" என்றார். சொந்த அக்காதானே அப்படிச் சொல்வாள்! அன்றைக்குத்தான் எனக்கு இந்த ஊரில் கால் ஊன்றியது.

அப்பா வந்துசேர இன்னும் எட்டு மாதம் ஆனது. அது வேறு கதை.

அந்த அம்மா உன்னை "துவ" என்று கூப்பிடுகிறார் என்றாயே. சிங்களத்தில் மகளைத்தான் அப்படிக் கூப்பிடுவார்கள், உனக்குத் தெரியாததில்லை. இனிக் காசை நீட்டாதே. லீவு நாளில் அவர் குசினிக்குப் போய்த் தேங்காய் துருவிக் கொடு. உனக்குச் சிங்களம் தடுமாறினால் பரவாயில்லை, பக்கத்தில் இரு. ஒருநாள் நீ சமைத்து அவரைச் சாப்பிடக் கூப்பிடு. உப்புக் கூடிவிட்டது என்று சொன்னாரென்றால் எனக்கு உடனே போன் எடு, நான் சந்தோஷப்படுவேன்.

நாளைக்குத் தபாலில் ஒரு பார்சல் போடுகிறேன். ஒரு குட்டான் பனங்கட்டியும் எள்ளுருண்டையும் உனக்கு. மேலே இருக்கும் மஸ்கட் இனிப்புப் பெட்டியை நீ பிரிக்காதே. அது அந்த அம்மாவுக்கு, ராத்தா கொடுத்துவிட்டது.

அன்புடன்,
அம்மா