தபாலில் போகும் அட்டைக்குக் கட்டைவிரல் கனத்தில் பானையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொங்கல் வாழ்த்து அட்டையில் ஒட்டும் களிமண் அலங்காரங்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த செய்முறைக் குறிப்பைப் படித்தேன். படத்தில் பானையும் கரும்பும் அழகுதான். ஆனால் எழுதியவர் அந்த அட்டையை ஒருமுறையாவது தபாலில் போட்டுப் பார்த்திருப்பாரா என்பது சந்தேகம். பானை கட்டைவிரல் கனம் இருக்கிறது!

செய்ததை உச்சி வெயிலில் காயவைக்கச் சொல்கிறார். எங்கள் கொழிஞ்சாம்பாறையில் அப்படி வைத்தால் மதியத்துக்குள் வெடித்துவிடும். மேற்குத் தொடர்ச்சி மலை சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வழிவிட்டு நிற்கும் பாலக்காட்டுக் கணவாயில் இருக்கிறோம். மார்கழியிலும் தையிலும் கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து வரும் வறண்ட காற்று பனைமரங்களைப் படுத்துகிற பாட்டைப் பார்த்தால் தெரியும். உதடே வெடிக்கும்போது மண் பூ எம்மாத்திரம்? ஓரம் முதலில் காய்ந்து சுருங்குகிறது, நடுவில் ஈரம் நிற்கிறது, இதழ் சுருண்டு விரிசல் விடுகிறது. நிழலில் வைத்து, மெல்லிய பருத்தித் துணியால் மூடி, அவ்வப்போது புரட்டிப் போட வேண்டும். மேற்புறம் இறுகியதும் இரண்டு தாள்களுக்கு நடுவே கிடத்தி, மேலே ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்தால் தட்டையாகவே காயும்.

எந்த மண் என்பதையாவது சொல்லியிருக்கலாம். ஓணத்துக்கு நாங்கள் ஓணத்தப்பன் என்ற உருவம் பிடிக்கிற மண் அட்டைக்கு ஆகாது. சுடாமல் ஒட்டினால் உதிரும், சுட்டால் கனக்கும். கடையில் விற்கும் பாலிமர் களிமண் பிளாஸ்டிக் வகை. அதை ஓவன் அடுப்பில் சுமார் 130 டிகிரி செல்சியஸ் சூட்டில் வைத்தால்தான் இறுகும். வெயிலில் எத்தனை நாள் கிடந்தாலும் பயனில்லை. வீட்டிலேயே செய்ய, வெள்ளைப் பசையும் மக்காச்சோள மாவும் (கார்ன்ஃப்ளார்) சம அளவு, கொஞ்சம் எண்ணெய், பூஞ்சை பிடிக்காமலிருக்க எலுமிச்சைச் சாறு. சிறு தீயில் கிண்டி, பாத்திரத்தில் ஒட்டாமல் சுருண்டு வந்ததும் இறக்கி, கை பொறுக்கும் சூட்டில் பிசையலாம். (அந்தப் பாத்திரம் மறுபடி சமையலுக்கு உதவாது.) காய்ந்தபின் வெண்மை மங்கிவிடும் என்பதால் பிசையும்போதே கொஞ்சம் வெள்ளை வர்ணம் சேர்ப்பது நல்லது.

கனம் அப்பளத்தைவிடச் சற்றுக் கூடுதலாக, 2 மில்லிமீட்டர் இருந்தால் போதும். கரும்பை உருட்டிச் செய்தால் ஒடியும். பட்டையாக வெட்டி, கத்தி முதுகால் கணுக்களை அழுத்திவிடலாம். நன்றாகக் காய்ந்த பிறகே ஒட்ட வேண்டும். ஈர மண் அட்டையை நெளியவைத்துவிடும்.

தபால் கணக்கையும் பார்க்க வேண்டும். 20 கிராம் வரை 5 ரூபாய். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) தாளில் ஒரு ஏ4 அட்டையே ஏறக்குறைய 19 கிராம் வந்துவிடும். உறையும் பானையும் சேர்ந்தால் கூடுதல் தபால்தலை ஒட்டியாக வேண்டும். ஏ4 அட்டையைப் பாதியாக வெட்டி, அந்தப் பாதியை மடித்துச் செய்தால் இந்தத் தொல்லை இல்லை. அதைவிட முக்கியம், முத்திரைக் குத்து விழுவது உறையின் வலது மேல் மூலையில். தங்கள் படத்தில் பானை சரியாக அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது! அலங்காரம் இடது கீழ்ப்பக்கம் இருக்கட்டும்.

அடுத்த குறிப்பில் கனத்தையும் எடையையும் சேர்த்து அச்சிடுங்கள். தங்கள் நாளிதழை எல்லைக்கு இந்தப் பக்கமும் படிக்கிறோம், செய்தும் பார்க்கிறோம்.

ஓய்வு பெற்ற தையல் ஆசிரியை,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.