கார் முன்கண்ணாடியை இப்போதைக்கு மாற்றாதே

சத்துவாச்சாரி,
வேலூர்.

அன்புள்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. பேத்தி பரீட்சையை நன்றாக எழுதியிருக்கிறாள் என்றதும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். தங்கச்சியின் முழங்காலைக் காட்ட சி.எம்.சி.க்கு வருவதானால் முந்தின நாளே இங்கே வந்து தங்கிவிடுங்கள். குடியாத்தத்திலிருந்து விடியற்காலையில் கிளம்பி அந்தக் கூட்டத்தில் நிற்கவேண்டாம்.

சரி, கார் விஷயம். வாலாஜா பக்கம் டிப்பரிலிருந்து ஜல்லி தெறித்து முன்கண்ணாடியில் சில்லு பெயர்ந்தது என்றும், முழுக் கண்ணாடியையும் மாற்றிவிடலாம், இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று மெக்கானிக் சொல்கிறார் என்றும் எழுதியிருக்கிறாய். சில்லு ஒரு ரூபாய்க் காசுக்குள் அடங்குகிறது, உன் கண்ணுக்கு நேரே இல்லை, ஓரத்தையும் தொடவில்லை. அப்படியானால் மாற்றாதே, நிரப்பச் சொல். அதையும் இந்த வாரமே செய்.

நாம் இரண்டு பேரும் கெமிஸ்ட்ரி படித்தவர்கள், அதனால் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன். முன்கண்ணாடி ஒற்றைக் கண்ணாடி இல்லை. இரண்டு தகடுகளுக்கு நடுவே பாலிவினைல் பியூட்டிரால் என்ற பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருக்கும். 1903-ல் பெனடிக்டஸ் என்ற பிரெஞ்சுக்காரரின் ஆய்வகத்தில் ஒரு குடுவை கீழே விழுந்து, உடைந்தும் சிதறாமல் கிடந்தது. உள்ளே செல்லுலோஸ் நைட்ரேட் காய்ந்து படலமாகப் படிந்திருந்ததுதான் காரணம். அங்கிருந்து வந்த யோசனை இது. உன் வண்டியில் அடிபட்டது வெளித்தகடு மட்டும்தான். படலமும் உள்தகடும் நன்றாகவே இருக்கின்றன. அதனால்தான் நிரப்பினால் போதும் என்கிறேன்.

வேலை அரைமணி நேரம்தான். சில்லின் மேல் ஒரு சின்னக் கருவியைப் பொருத்தி உள்ளேயிருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, ரெசின் என்ற பசை போன்ற திரவத்தை அழுத்தி இறக்குவார்கள். புற ஊதா விளக்கைக் காட்டினால் அது இறுகிவிடும். மேலே மிச்சம் நிற்பதை பிளேடால் சுரண்டிப் பாலிஷ் போடுவார்கள். தழும்பு கொஞ்சம் தெரியத்தான் செய்யும். அடையாளமே தெரியாது என்று எந்தக் கடைக்காரராவது சொன்னால் நம்பாதே. விரிசல் மேற்கொண்டு ஓடாமல் நிற்கவேண்டும், நமக்கு அதுதான் முக்கியம்.

அது ஓடுவதற்கு நம்ம ஊர் வெயிலே போதும். மரமில்லா மலை, நீரில்லா ஆறு, சாமியில்லா கோயில் என்று வேலூரைக் கேலி பேசுவார்களே, அதில் சாமி 1981-லேயே கோட்டைக் கோயிலுக்குத் திரும்பி வந்துவிட்டார். மலை மட்டும் இன்னும் மொட்டையாக நின்று அனலைக் கக்குகிறது. கொதிக்கிற கண்ணாடியின் உள்பக்கத்தில் ஏசி காற்று அடித்தால், ஒரு பகுதி விரியும், ஒரு பகுதி சுருங்கும். அந்த இழுவிசை முழுவதும் விரிசலின் நுனியில் போய்க் குவியும். காலையில் விரல்நுனி அளவு இருந்தது மாலைக்குள் ஒரு முழம் ஓடிவிடும். அப்புறம் நிரப்புகிற பேச்சுக்கே இடமில்லை. அதனால் இப்போதே சில்லின் மேல் செலோடேப் ஒட்டிவிடு, தூசியும் தண்ணீரும் இறங்கக்கூடாது. இறங்கிவிட்டால் ரெசின் சரியாகப் பிடிக்காது. வண்டியை நிழலில் நிறுத்து. ஏறினவுடன் ஏசியைக் கண்ணாடிப் பக்கம் முழு வேகத்தில் திருப்பாதே. சுடுகிற கண்ணாடியில் பச்சைத் தண்ணீரையும் ஊற்றாதே.

இன்சூரன்ஸ் கணக்கு மெக்கானிக் சொல்வதுபோல அவ்வளவு லாபமில்லை. கண்ணாடிக்குத் தேய்மானம் கழிக்க மாட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் கட்டாயக் கழிவு என்று நம் கையிலிருந்து போட வேண்டிய ஒரு தொகை உண்டு, உன் வண்டி போல 1500 சிசி வரை 1000 ரூபாய். அதைவிடப் பெரிய நஷ்டம் நோ கிளைம் போனஸ். ஐந்து வருடம் ஒன்றும் கேட்காமல் ஓட்டியவனுக்கு ஓன் டேமேஜ் பிரீமியத்தில், அதாவது நம் வண்டிச் சேதத்துக்காகக் கட்டும் பங்கில், 50 சதவீதம் வரை தள்ளுபடி உண்டு. அந்த போனஸுக்கென்று தனியாகப் பாதுகாப்பு வாங்கியிருந்தால் ஒழிய, ஒரு கிளைம் போட்டால் அது பூஜ்யத்துக்கு வந்துவிடும். பாலிசியை எடுத்துப் படித்துவிட்டு முடிவு செய்.

நான் தயங்குவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. கம்பெனியில் ஒட்டின கண்ணாடியைக் கத்தி போட்டு அறுத்து எடுக்கும்போது சட்டத்தில் பெயிண்ட் கீறினால் அங்கே துரு பிடிக்கும், ஐப்பசி மழையில் தண்ணீர் கசிந்து டேஷ்போர்டு நனையும். கார் கவிழ்ந்தால் கூரை நசுங்காமல் தாங்குவதிலும் அந்தக் கண்ணாடிக்குப் பங்கு உண்டு. பல கார்களில் பக்கத்து இருக்கை ஏர்பேக் விரியும்போது அதில்தான் முட்டி நிற்கும். ஒட்டு சரியில்லை என்றால் இரண்டும் போச்சு.

மாற்றியே ஆகவேண்டி வந்தால் மூலையில் லேமினேட்டட் என்ற பொறிப்பும் ஐஎஸ்ஐ முத்திரையும் இருக்கிறதா என்று பார். பாலியூரித்தேன் பசை இறுக அவர்கள் சொல்லும் நேரம் வரை வண்டியை எடுக்காதே. பழைய கண்ணாடியோடு ஃபாஸ்டேக்கும் போய்விடும், பிரித்து ஒட்டினால் வேலை செய்யாது. பேங்கில் புதிது வாங்காமல் பள்ளிகொண்டா டோலில் போய் நிற்காதே. உன் மகனுடைய புது வண்டியில் பின்னால் வருவதைப் பார்க்கும் நடுக்கண்ணாடிக்குப் பின்னால் கேமரா இருக்கிறது என்றாயே, அந்த மாதிரி வண்டியென்றால் மாற்றியபின் கேமராவையும் சரிபார்த்து அமைக்கவேண்டும், செலவு கூடும்.

இங்கே எல்லோரும் நலம். வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு நானும் உன் அண்ணியும் வருகிறோம். பஸ்ஸில் அன்றைக்கு ஏறமுடியாது, முதல் நாள் சாயங்காலமே வந்துவிடுவோம். ரெசின் போட எவ்வளவு ஆயிற்று என்று போன் பண்ணிச் சொல், இங்கே எதிர்வீட்டுக்காரரும் இதே சிக்கலோடு கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அன்புடன்,
தாமோதரன்