கேரண்டி கேட்கும் கிளையன்ட்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு அவள் ஆசைப்பட்ட படிப்பே கிடைத்துவிட்டது என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சொன்னேன். அம்மாவுக்கு அவள் இன்னும் தவழ்கிற குழந்தைதான்; "அதுக்குள்ள காலேஜா?" என்று நம்பவே மறுக்கிறார். என் பக்கம் பெரிய செய்தி ஒன்றுமில்லை. கண்ணாடி பவர் கூடியிருக்கிறது, வேலை அது பாட்டுக்கு ஓடுகிறது.

உன் கடிதத்தில் பாதிக்கு மேல் அந்தக் கைநழுவிப் போன கிளையன்ட் கதைதான். தளத்தைக் கூகுள் தேடலில் மேலே கொண்டுவருகிற நம் எஸ்சிஓ வேலையில் பலன் தெரிய மாதக்கணக்கில் ஆகும், முதலிடம் என்று வாக்குக் கொடுக்க முடியாது என்று நீ சொன்னாய். அடுத்து வந்தவன் "30 நாளில் முதல் பக்கம், கேரண்டி" என்றான். அவர் அந்தப் பக்கம் போய்விட்டார். இனி நானும் அப்படியே சொல்லித் தொலைத்துவிடட்டுமா என்று கேட்டிருக்கிறாய். கோபத்தில் எழுதியது என்று தெரிகிறது, ஆனாலும் பதில் சொல்லிவிடுகிறேன்.

அந்த கேரண்டி எப்படி நிறைவேறுகிறது என்று பார்த்திருக்கிறாயா? நாற்காலி தயாரித்து விற்கிற ஒருவர், முந்தைய ஏஜென்சியோடு போட்ட ஒப்பந்தத்தை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். கடைசிப் பக்கத்தில் கீவேர்டு பட்டியல், அதாவது எந்தச் சொற்களைத் தேடினால் தளம் முதலில் வரும் என்கிற பட்டியல். 'அலுவலக நாற்காலி' அதில் இல்லை. 'முதுகுவலிக்கு ஏற்ற நாற்காலி'யும் இல்லை. இருந்ததெல்லாம் 'இடது கைப் பழக்கமுள்ளவர்களுக்கு எழுதுபலகையுடன் கூடிய மடக்கு மர நாற்காலி' என்கிற ரகம். யார் அப்படித் தேடுவார்கள்? யாரும் தேடாததால் போட்டியும் கிடையாது. அதே சொற்களைத் தலைப்பில் வைத்து ஒரு பக்கம் போட்டால் கூகுள் அதைத்தான் முதலில் காட்டும், காட்ட வேறு ஆள் இல்லையே. ஒப்பந்தப்படி எல்லாக் கீவேர்டிலும் முதலிடம் வந்துவிட்டது, முழுப் பணமும் கைமாறிவிட்டது. அந்தப் பக்கங்கள் வழியாக ஒரு நாற்காலிகூட விற்கவில்லை. சட்டப்படி யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, அதுதான் வேடிக்கை.

இன்னொரு வகை, நிறுவனத்தின் சொந்தப் பெயரையே கீவேர்டாகப் போட்டு முதலிடம் காட்டுவது. அதற்கு எஸ்சிஓ ஆளே தேவையில்லை. விளம்பரம் வாங்கி மேலே நிறுத்திவிட்டு "பாருங்கள், முதல் பக்கம்" என்பவர்களும் உண்டு. பணம் நின்ற அன்றே அந்த இடமும் போய்விடும்.

கூகுள் தன் உதவிப் பக்கங்களிலேயே முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று எழுதி வைத்திருக்கிறது. எஸ்சிஓ ஆளை வேலைக்கு அமர்த்துவது பற்றிய பக்கத்தில், மாற்றங்களைத் தொடங்கியதிலிருந்து பலன் தெரிய பொதுவாக 4 மாதம் முதல் ஒரு வருடம் வரை ஆகும் என்றும் இருக்கிறது. முதல் சந்திப்பிலேயே அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டு. நீ சொன்னால் சாக்குப்போக்கு மாதிரி இருக்கும். தேடுபொறிக்காரனே சொன்னால் கேட்டுக்கொள்வார்கள்.

ஆனால் கேரண்டி கேட்கிறவரை முட்டாள் என்று நினைத்துவிடாதே. உன் கடிதத்தில் அந்தத் தொனி கொஞ்சம் இருந்தது. எனக்குத் தெரிந்து கேரண்டி கேட்பவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே ஒரு முறை சூடு பட்டவர்கள். "எப்போது முதலிடம்?" என்று அவர்கள் கேட்பதற்கு உள்ளே இருப்பது "போடுகிற பணம் திரும்பி வருமா?" என்கிற கவலை. முதல் கேள்விக்கு நம்மிடம் பதில் கிடையாது. இரண்டாவதைப் பற்றி உட்கார்ந்து பேசலாம். ஒரு வாடிக்கையாளர் வந்தால் எவ்வளவு லாபம், மாதம் எத்தனை பேர் வந்தால் செலவு ஈடுகட்டும், அத்தனை பேர் அந்தப் பொருளைத் தேடவாவது செய்கிறார்களா? இந்தக் கணக்கை எதிரிலேயே ஒரு தாளில் போட்டுப் பார். சில சமயம் எஸ்சிஓவே வேண்டாம் என்று விடை வரும். வந்தால் சொல்லிவிட வேண்டியதுதான். ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்னார்கள். அளந்து காட்டுவதும் நம் வேலையில் சேர்த்திதான்.

உண்மையில் இந்தத் தொழிலில் நேர்மைக்குச் சோதனை வருவது ஒப்பந்தம் போடும் நாளில் இல்லை. அன்று எல்லோரும் உஷாராகத்தான் இருப்பார்கள். மாதாந்திர ரிப்போர்ட்தான் ஆளைக் காட்டிக்கொடுக்கும். ஒரு பொய் எண்கூட இல்லாமல் முழு ரிப்போர்ட்டையும் பொய்யாக்க முடியும் நண்பா. இம்ப்ரெஷன், அதாவது தேடல் முடிவுகளில் தளம் காட்டப்பட்ட எண்ணிக்கை, மூன்று மடங்கு ஆகிவிட்டது என்று ஏறுகிற கோடு ஒன்றை முதல் பக்கத்தில் பெரிதாகப் போடலாம்; கிளிக் அசையவே இல்லை என்பது ஆறாம் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். ஐம்பதாவது இடத்தில் கிடக்கிற பக்கத்துக்கும் யாராவது முடிவுகளை அதுவரை புரட்டினால் இம்ப்ரெஷன் விழத்தான் செய்யும். சீசன் வியாபாரம் என்றால் இன்னும் சுலபம். குடை விற்கிறவருக்கு மழை மாதத்தை வெயில் மாதத்தோடு ஒப்பிட்டுக் காட்டினால் யாருக்குத்தான் வளர்ச்சி இருக்காது? தளக்காரர்களுக்குத் தேடல் கணக்கைக் காட்டுகிற கூகுளின் சர்ச் கன்சோல் 16 மாதத் தரவு வைத்திருக்கிறது. போன வருடம் இதே மாதத்தோடு ஒப்பிடுவதற்கு அது தாராளமாகப் போதும். அப்புறம், வந்த கிளிக்குகளில் கம்பெனி பெயரைத் தட்டச்சு செய்து வந்தவர்களை வடிகட்டிவிட்டு மீதியைத் தனியாகக் காட்டு. அவர்கள் எப்படியும் வந்திருப்பார்கள், அதில் நம் பங்கு ஒன்றுமில்லை. வடிகட்டியதும் எண் பாதியாகிவிடும், கொஞ்சம் வலிக்கும். ஆனால் அதற்குப் பிறகு அந்த எண் ஏறினால், ஏறியதை அவரும் நம்புவார்.

தளத்தின் பலம் என்று டொமைன் அத்தாரிட்டி என்கிற ஒரு எண்ணை ரிப்போர்ட்டில் போடுகிறார்களே, அதையும் தூக்கிவிடு. அது மாஸ் (Moz) என்கிற தனி நிறுவனம் தன் வசதிக்குக் கணக்கிடுகிற அளவு. கூகுள் தரவரிசைக்கு அதைப் பயன்படுத்துவதில்லை. அது 20 இலிருந்து 35 ஆனது என்று கிளையன்ட் சந்தோஷப்படுவதைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருக்கும்.

லிங்க் விஷயத்துக்கு வருகிறேன். "மாதம் இத்தனை பேக்லிங்க்" என்று, வேறு தளங்களிலிருந்து நம் தளத்துக்கு வருகிற இணைப்புகளைக் கணக்குச் சொல்லி விற்கிறவர்களிடம், எந்தத் தளத்திலிருந்து, எப்படி வாங்கினீர்கள் என்று கேட்டால் பேச்சு மாறிவிடும். காசு கொடுத்து லிங்க் வாங்கித் தரவரிசையை ஏற்றுவது கூகுளின் விதிக்கு எதிரானது. கூகுளின் விதிகளை மீறிப் பெரிய நிறுவனங்களே சிக்கியிருக்கின்றன. 2006 இல் ஜெர்மனியின் பிஎம்டபிள்யூ தளம் தேடல் முடிவுகளிலிருந்தே நீக்கப்பட்டது. தேடுபொறிக்கு ஒரு பக்கம், பார்க்க வருகிற ஆளுக்கு வேறு பக்கம் என்று காட்டியதுதான் காரணம். 2011 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஜேசி பென்னி கடைக்கு ஆயிரக்கணக்கான போலி லிங்க்குகள் இருப்பதை நியூயார்க் டைம்ஸ் வெளியிட்டது. பல தேடல்களில் முதலில் நின்ற தளம் அந்த நாட்களிலேயே பின் பக்கங்களுக்குப் போய்விட்டது. அந்த லிங்க்குகளை நாங்கள் போடச் சொல்லவில்லை என்று நிறுவனம் சொன்னது. எஸ்சிஓ பார்த்த ஏஜென்சியை நீக்கியது. அந்தக் கடையின் கையிருப்பு அந்த அடியைத் தாங்கும். சின்ன வியாபாரிக்கு அதே அடி விழுந்தால்? 2012 ஏப்ரலில் இப்படிப்பட்ட லிங்க்குகளைக் குறிவைத்துக் கூகுளின் பெங்குயின் அப்டேட் வந்தபோது, தாங்கள் என்ன வாங்கியிருக்கிறோம் என்றே தெரியாமல் விழுந்த தளங்கள் ஏராளம். ரிஸ்க் எடுப்பது ஒருவரின் உரிமை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் ரிஸ்க் இருப்பதையே சொல்லாமல் அவர் தலையில் கட்டுவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

இதைவிட எனக்கு எரிச்சல் தருவது ஒன்று இருக்கிறது, இதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதுமில்லை. டொமைனை, அதாவது தளத்தின் முகவரியை, ஏஜென்சி தன் பெயரில் பதிவு செய்து வைத்துக்கொள்வது. சர்ச் கன்சோலில் ஓனர் ஏஜென்சி, தளத்துக்கு வருகிறவர்களைக் கணக்கெடுக்கிற அனலிட்டிக்ஸ் ஏஜென்சியின் கணக்கில். உறவு நன்றாக இருக்கிறவரை ஒன்றும் தெரியாது. விலகலாம் என்று கிளையன்ட் வாயைத் திறக்கிற அன்றுதான், தன் கடையின் சாவி அடுத்தவன் இடுப்பில் தொங்குவது அவருக்குப் புரியும். நீ முதல் நாளே எல்லாவற்றையும் கிளையன்ட் பெயரில் வைத்து, உனக்கு வேண்டிய அனுமதியை மட்டும் வாங்கிக்கொள். என்றைக்கு வேண்டுமானாலும் உன்னை அனுப்பிவிடலாம் என்கிற நிலையில் அவரை வைத்துக்கொண்டு வேலை பார். அதற்குக் கொஞ்சம் தைரியம் வேண்டும்தான்.

சரி, அப்படியானால் எதைத்தான் உறுதியாகச் சொல்வது என்று கேட்பாய். உன் கையில் இருப்பதைச் சொல். எந்தெந்தப் பக்கங்களை எந்தத் தேதிக்குள் திருத்துவாய், உடைந்த இணைப்புகளையும் மெதுவாகத் திறக்கிற பக்கங்களையும் எப்போது சரிசெய்வாய், மாதம் எந்த எண்களைக் காட்டுவாய். அவர் பக்கத்துக் கடமையையும் அதே தாளில் எழுது. நாம் கேட்ட மாற்றத்தை அவர்களுடைய டெவலப்பர் மூன்று மாதம் தொடாமல் வைத்திருந்தால், நான்காவது மாதம் "ரேங்க் எங்கே?" என்று கேட்கிறவருக்கு அந்தத் தாள்தான் பதில் சொல்லும்.

இப்போது இன்னொன்றும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2024 மே மாதம் கூகுள் அமெரிக்காவில் ஏஐ ஓவர்வியூ என்று தேடல் முடிவுகளுக்கு மேலேயே பதில் எழுதிக் காட்டத் தொடங்கியது. பிறகு பல நாடுகளுக்கும் வந்துவிட்டது. கேள்விக்கு அங்கேயே விடை கிடைத்தால் கீழே யார் போவார்கள்? அதனால் இடம் மாறாமலே கிளிக் குறைவதைப் பார்க்கிறேன். இதை ரிப்போர்ட்டில் கிளையன்ட் தானாகக் கண்டுபிடிப்பதற்கு முன்னால் நாமே சொல்லிவிடுவது நல்லது. அதை வைத்தே "ஏஐயில் முதலிடம், கேரண்டி" என்று புதுக் கடை விரித்தவர்களும் வந்துவிட்டார்கள். அதே பழைய ஆட்கள்தான், பலகையை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.

காரணம் தெரியாத சரிவுகளும் வரும். கூகுள் வருடத்தில் பல முறை பெரிய அப்டேட் விடுகிறது. நீ எதையுமே தொடாத வாரத்தில் தளம் கீழே போகும். அப்போது "அல்காரிதம் மாற்றம்" என்று ஒரே வரியில் முடித்துவிடாதே. எந்தப் பக்கங்கள் விழுந்தன, எவை விழவில்லை, நமக்கு மேலே யார் வந்தார்கள், அவர்கள் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல். அதற்கு மேல் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லலாம். இப்படிச் சொன்னதால் எனக்கு ஒரு கிளையன்ட்கூடப் போனதில்லை என்று எழுத ஆசைதான். போயிருக்கிறார்கள். சிலர் திரும்பி வந்தார்கள், சிலர் வரவில்லை. உன்னை விட்டுப் போனவரும் வருவார் என்று நான் சொல்லமாட்டேன்.

அடுத்த வாரம் புதிதாக ஒருவரைப் பார்க்கப் போவதாக எழுதியிருந்தாயே, அவருக்குக் கொடுக்கப்போகிற ஒப்பந்தத்தின் வரைவை எனக்கு அனுப்பு. கீவேர்டு பட்டியலையும் சேர்த்து அனுப்பு, படித்துவிட்டு ஓரத்தில் குறித்து அனுப்புகிறேன். மகளுக்கு என் ஆசியைச் சொல். விடுதியில் சேர்க்கப் போகிறீர்களா, வீட்டிலிருந்தே போய் வருவாளா என்று அம்மா கேட்கச் சொன்னார், மறக்காமல் எழுது.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி