கால் சொல்லாமல் விட்ட சேதி

அன்புள்ள பிள்ளைக்கு,

உள்ளங்கால் கொப்பளிக்கும்வரை சுடுகல்லில் நடந்துவிட்டு ஒன்றும் தெரியவில்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள் அப்பா என்று நேற்றுப் போனில் கோபப்பட்டாய். பதில் சொல்லத் தொடங்க லைன் அறுந்துவிட்டது, அதுதான் எழுதுகிறேன்.

கோணேசர் கோயிலுக்குப் போகும்போது பகல் பன்னிரண்டாகிவிட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு முன்னால் போன பொடியன்கள் துள்ளித் துள்ளி நிழலுக்கு ஓடினார்கள். நான் ஆறுதலாக நடந்தேன், கல் சுடுவதாகவே தெரியவில்லை. இரவு அம்மாதான் பெருவிரலுக்குக் கீழே இரண்டு ரூபாய்க் குற்றி அளவில் கொப்பளத்தைக் கண்டாள்.

கிளினிக்கில் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, மீன் பிடிக்கும் தங்கூசி மாதிரி ஒரு நைலோன் இழையை, 10 கிராம் பாரத்துக்கே வளையக்கூடியது, உள்ளங்காலில் அங்கங்கே அழுத்தினார் டொக்டர். எப்போது தொடுவார் என்று காத்துக்கொண்டிருந்தேன். கண்ணைத் திறந்தபோது ஏற்கெனவே நாலு இடத்தில் தொட்டு முடித்திருந்தார். அந்தக் கணம் எனக்கு நெஞ்சு ஒருமாதிரி ஆகிவிட்டது, பிள்ளை.

உனக்கு நாலு வயதில் நிலைப்படியில் கால்விரலை இடித்துக்கொண்டாயே, இடித்ததும் அழவில்லை, விரலைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய், அப்புறம்தான் வீறிட்டாய். அந்த இடைவெளியில் ஒரு பங்கு நரம்பின் வேகத்தால் வருவது. தொட்டது, இடித்தது என்ற சேதியைக் கொண்டுபோகும் இழைகளுக்கு மயலின் என்ற கொழுப்பு உறை உண்டு, செக்கனுக்கு 50 மீற்றருக்கு மேலேயும் ஓடும். எரிந்து எரிந்து வரும் நோவைக் கொண்டுபோகும் மெல்லிய இழைகளுக்கு உறை இல்லை, செக்கனுக்கு ஒரு மீற்றர் அளவில் ஊர்ந்துதான் வரும். சூடான சட்டியில் பட்ட கை, நோவு தெரியுமுன்னே பின்னால் வருகிறதே, அது முதுகெலும்புக்குள் ஓடும் முண்ணாணிலேயே முடிந்துவிடும் தெறிவினை. மூளைக்குப் பிறகுதான் தெரியும்.

நரம்புக்குள் சேதி எப்படி ஓடுகிறது என்று எதில் கண்டுபிடித்தார்கள் என்றால், கணவாயில். திருக்கடலூர்க் கரையில் வாங்கிவந்து அம்மா கழுவும் அதே சாதிப் பிராணிதான். அதன் உடலில் சில இடங்களில் ஒரு மில்லிமீற்றர் வரை தடித்த ஒரு இழை கிடக்கிறது. அது தனியொரு நரம்பிழை என்று 1936இல் யங் என்ற ஆங்கிலேயர் காட்டினார். 1939இல் இங்கிலாந்தின் பிளிமத்தில் ஹொட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரண்டு விஞ்ஞானிகள் மின்னை அளக்கும் மின்வாயை அதற்குள்ளேயே செருகி அளந்தார்கள். இரண்டாம் உலக யுத்தம் வந்து வேலை நின்றது. 1952இல்தான் முழுக் கணக்கும் எழுதி முடித்தார்கள், 1963இல் நோபல் பரிசு.

அவர்கள் கண்டது இதுதான். இழைக்கு வெளியே கடல்போலச் சோடியம் கூட, உள்ளே பொற்றாசியம் கூட, வெளியை விட உள்ளே 70 மில்லிவோல்ற்று அளவில் மறை, அதாவது மைனஸ், மின்னழுத்தம். தூண்டல் வந்ததும் சோடியத்துக்கான சின்ன வாசல்கள் திறந்து அது உள்ளே பாய்கிறது, ஒரு மில்லிசெக்கனுக்குள் பொற்றாசியம் வெளியேறிச் சமன் செய்கிறது. அதற்குள் பக்கத்து வாசல்கள் திறந்துவிடும், பட்டாசுச் சரம் மாதிரி, ஆனால் உடனே திரும்பவும் வெடிக்கத் தயாராகிவிடும் சரம். கல் கூடச் சுட்டால் வெடி பெரிதாகாது, அடிக்கடி வெடிக்கும். பேத்தை மீன் வலையில் பட்டால் கரையில் எறிந்துவிடுவார்களே, அதன் நஞ்சு அடைப்பது இந்தச் சோடியம் வாசலைத்தான். தின்றால் மூச்சுத் தசைக்குச் சேதி போகாமல் ஆள் செத்துப்போகிறான்.

என் காலுக்கு வந்தது சீனி வருத்தத்தால். பெருவிரலில் முடியும் நரம்புக்கலத்தின் உடல் இடுப்புக்குக் கிட்ட, முதுகெலும்போடு இருக்கிறது. அங்கிருந்து விரல்வரை ஒரே இழை, ஒரு மீற்றர் நீளம். நுனிக்கு வேண்டிய சாமான் பெரும்பாலும் அங்கேயே செய்து அனுப்பப்படுகிறது, வேகமான சரக்குகூட ஒரு நாளில் 40 சென்ரிமீற்றர்தான் போகும், விரலுக்கு வந்துசேர இரண்டரை நாள். இரத்தத்தில் சீனி வருசக்கணக்காகக் கூடிக் கிடந்தால் இழையும் பழுதாகும், அதற்கு இரத்தம் கொடுக்கும் நுண்ணிய குழாய்களும் பழுதாகும். நீளமான இழைகள்தான் முதலில் விழும். அதுதான் விரலில் தொடங்கி, காலுக்கு மேசு போட்ட மாதிரி மேலே ஏறுகிறது. கவலையீனமாக நடந்தேன் என்று மட்டும் நினைக்காதே. சுடுகிறது என்ற சேதி எனக்கு வரவேயில்லை.

இப்போது காலையில் கல் சுடுமுன்னே கோயிலுக்குப் போய்வந்துவிடுகிறேன். இரவில் அம்மா ரோர்ச் அடித்து இரண்டு உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பார்க்கிறாள். நீயும் ஒருதரம் சீனி சோதித்துப் பார், இந்த வருத்தம் பரம்பரையில் வரக்கூடும். கொப்பளம் காய்ந்துவிட்டது. நேற்று அம்மா தங்கூசித் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து தானே சோதித்தாள். பெருவிரலில் ஒன்றும் இல்லை. குதிக்காலில் தொட்டபோது தெரிந்தது, தெரிகிறது என்று சத்தமாகவே சொன்னேன்.

அன்புடன்,
அப்பா