சமாதானம் பேசுவதற்கும் விதி இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மகளிர் காவல் நிலையத்தில் கவுன்சலிங் முடிந்து, பிரிந்திருந்த தம்பதியர் சேர்ந்து வீடு திரும்பினர் என்ற செய்திகள் நம் நாளிதழ்களில் நற்செய்தியாகவே இடம்பெறுகின்றன. மனஸ்தாபத்தால் பிரிந்தவர்கள் சேர்ந்தால் மகிழ்ச்சிதான். ஆனால், அடிபட்ட பெண் ஒருத்தி புகார் கொடுக்க வந்த இடத்தில், "இனிமேல் பிரச்சினை செய்ய மாட்டோம்" என்று இருவரிடமும் எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவைப்பதையும் அதே கணக்கில் சேர்ப்பது சரியல்ல என்பதைச் சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன். அடித்தவரும் அடிபட்டவரும் ஒரே உறுதிமொழியின் கீழே கையெழுத்திடும்போது, குற்றமும் இருவருக்கும் பொதுவாகிவிடுகிறது.

2005இல் இயற்றப்பட்டு 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த, குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் சமாதானத்துக்கு எதிரானதன்று. நீதித்துறை நடுவர் விரும்பினால் கணவன் மனைவியை ஆலோசனைக்கு அனுப்பலாம் என்று அச்சட்டமே சொல்கிறது. அந்த ஆலோசனை எப்படி நடக்க வேண்டும் என்பதற்கு அதன் கீழ் வகுக்கப்பட்ட விதிகளைப் படித்தால்தான், நம் வழக்கம் எவ்வளவு விலகி நிற்கிறது என்பது புரியும். தான் செய்த வன்முறைக்கு எந்த நியாயமும் கற்பிக்க எதிர்மனுதாரருக்கு, அதாவது வன்முறை செய்ததாகப் புகாருக்கு உள்ளானவருக்கு, அங்கே இடமில்லை; இதைப் பேச்சு தொடங்கும் முன்பே அவருக்குத் தெரிவித்துவிட வேண்டும். வன்முறை மீண்டும் நிகழாது என்ற உறுதியைத் தர வேண்டியவர் அவரே. இரு தரப்பாரில் ஒருவருக்கு உறவினராக இருப்பவர், அனைவரும் எழுத்து மூலம் சம்மதித்தாலன்றி, ஆலோசகராக அமரவும் முடியாது.

நம் ஊர்களில் நடப்பதோ நேர்மாறானது. பெரியப்பாவும் தாய்மாமனும் தெருவின் முக்கியஸ்தரும் கூடி உட்கார்ந்து, முதல் கேள்வியைப் பெண்ணிடம் கேட்கிறார்கள்: "நீ என்னம்மா பண்ணினே, அவன் கை நீட்டற அளவுக்கு?" மாமியாரை எதிர்த்துப் பேசினாளா, போனில் யாருடன் பேசினாள், நேரத்துக்குச் சோறு போட்டாளா என்று விசாரணை அவள் பக்கமே சுற்றுகிறது. கடைசியில், "குடிச்சாத்தான் இப்படி, மத்தபடி தங்கமான பையன்" என்ற சான்றிதழோடு அவளை அதே வீட்டுக்கு அனுப்பிவைக்கிறார்கள். அந்தத் தங்கமான பையன் எவ்வளவு போதையிலும் தன் முதலாளியை அடித்ததில்லை என்பதை அச்சபையில் எவரும் எடுத்துச் சொல்வதில்லை. குடியை நிறுத்த உதவுவது அவசியம்தான். அதை வன்முறைக்கு மன்னிப்பாக ஏற்பது வேறு.

இது எங்கோ சில வீடுகளின் கதையும் அன்று. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுக்குட்பட்ட, மணமான பெண்களில் ஏறத்தாழ 38 விழுக்காட்டினர் கணவரின் வன்முறைக்கு ஆளானவர்கள். நாடு முழுவதற்குமான அளவு 29 விழுக்காடு. படிப்பிலும் வேலைவாய்ப்பிலும் பெண்கள் முன்னேறிய மாநிலம் என்று நாம் பெருமை பேசும் மாநிலத்தின் எண் இது. அதே ஆய்வில் இந்திய அளவில், வன்முறைக்கு ஆளான பெண்களில் உதவி நாடியவர்கள் ஏழில் ஒருவர் மட்டுமே. ஆகவே, ஒரு பெண் காவல் நிலையத்தின் வாசற்படி ஏறுகிறாள் என்றால், அதற்கு முன் பலமுறை பொறுத்துப் பார்த்திருக்கிறாள் என்றே கொள்ள வேண்டும். அவளிடம் போய் "கொஞ்சம் அனுசரித்துப் போம்மா" என்று சொல்வது, அவள் ஏற்கெனவே செய்து தோற்றதையே மறுபடியும் செய்யச் சொல்வதாகும்.

அடி மட்டுமே வன்முறை என்ற எண்ணமும் மாற வேண்டும். சட்டம் உடல், பாலியல், வாய்மொழி, மனம், பொருளாதாரம் என எல்லா வகைத் துன்புறுத்தலையும் கணக்கில் கொள்கிறது. மனைவியின் ஏடிஎம் அட்டையைத் தானே வைத்துக்கொள்வது, அவள் நகையைக் கேட்காமல் அடகு வைப்பது, வீட்டுச் செலவுக்குப் பணம் தராமல் வதைப்பது ஆகியவையும் இதில் அடங்கும். (மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் கணக்கில் ஏறிய அன்றே அதைப் பிடுங்கிக்கொள்ளும் கணவர்களும் இதைப் படித்துக்கொள்ளலாம்.)

இத்தகைய சட்டங்கள் தவறாகப் பயன்படுத்தப்படுகின்றன என்று சிலர் உடனே எழுதுவார்கள். அவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மனு கொடுத்தவுடன் யாரும் கைதாவதில்லை. நடுவர் பிறப்பித்த பாதுகாப்பு உத்தரவை மீறினால்தான் ஓராண்டு வரை சிறை, அல்லது இருபதாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கணவரைச் சிறைக்கு அனுப்ப மனமில்லாத, அடி நின்றால் போதும் என்று நினைக்கும் பெண்களுக்காகவே வந்த சட்டம் இது. "வீட்டை விட்டு வெளியே போ" என்ற மிரட்டலுக்கும் இதில் பதில் உண்டு. சேர்ந்து வாழும் வீடு யார் பெயரில் இருந்தாலும் அதில் குடியிருக்க அவளுக்கு உரிமை உண்டு. மாமனார் மாமியாரின் பெயரில் உள்ள வீட்டுக்கும் இது பொருந்தக்கூடும் என்பதை உச்ச நீதிமன்றம் 2020இல் தெளிவுபடுத்தியது. தேவைப்பட்டால் அடிப்பவரையே வெளியேறச் சொல்லி நடுவர் உத்தரவிடலாம். பிறந்த வீட்டில் தங்கையின் கல்யாணம் நிற்கிறது, வாடகைக்குப் போக வழியில்லை என்பதற்காகவே அடியைப் பொறுத்துக்கொள்ளும் பெண்ணுக்கு இந்த ஒரு செய்தி தெரிந்திருந்தால் அவள் முடிவே வேறாக இருக்கக்கூடும்.

இதையெல்லாம் அவளிடம் சொல்ல வேண்டியவர் யார்? புகாரைப் பெறும் காவல் அதிகாரிதான். நடுவரிடம் நிவாரணம் கேட்கலாம், மனு கொடுக்க உதவும் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார், இலவச சட்ட உதவி உண்டு, கொடுமைக்காகத் தனியே குற்ற வழக்கும் தொடுக்கலாம் என்பதை அவளுக்குத் தெரிவிப்பது சட்டம் அவர் மீது சுமத்தியிருக்கும் கடமை. 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் தன் முதல் மகளிர் காவல் நிலையத்தைத் திறந்த தமிழகத்தில், இந்தக் கடமை எழுதி வாங்கும் ஒரு தாளுக்குள் முடிந்துவிடக் கூடாது. முதல் விசாரணையிலிருந்து அறுபது நாளில் மனுவை முடிக்க முயல வேண்டும் என்ற விதி இருந்தும் வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுப்பது தனியே பேச வேண்டிய குறை. அதனால் அவசரம் உள்ளவர்கள் இடைக்கால உத்தரவைக் கேட்டுப் பெறலாம்.

மாவட்ட சமூக நல அலுவலகத்தில் உள்ள பாதுகாப்பு அலுவலரிடம் பாதிக்கப்பட்டவர்தான் போக வேண்டும் என்பதில்லை. பக்கத்து வீட்டாரும் ஆசிரியரும் கிராம செவிலியரும் தகவல் தரலாம். நல்லெண்ணத்துடன் தகவல் தந்தவர் மீது வழக்கு வராது. மகளிர் உதவி எண் 181 இரவிலும் இயங்குகிறது. வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையத்தில் சில நாள் தங்கவும், மருத்துவ, சட்ட உதவி பெறவும் முடியும். ரேஷன் கடையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும், பெண்கள் கண்ணில் படும் இடத்தில், இவற்றை எழுதி வைக்க மாவட்ட நிர்வாகங்கள் முன்வர வேண்டும்.

தங்களிடமும் ஒரு கோரிக்கை உண்டு. தற்கொலைச் செய்திகளின் அடியில் உதவி எண் அச்சிடும் நல்ல வழக்கம் தமிழ் நாளிதழ்களில் வேரூன்றியிருக்கிறது. அதைப் போலவே, கணவர் தாக்கியதில் மனைவி காயம் என்ற செய்தி வரும் ஒவ்வொரு முறையும் 181 என்ற எண்ணையும், பாதுகாப்பு அலுவலரை எங்கே அணுகலாம் என்ற ஒரு வரியையும் அதன் கீழே சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
கும்பகோணம்.