பாரதிக்கு எது சரி?

லண்டன்,
நவம்பர் 23

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. கோபித்துக்கொள்ளாதே. பயிற்சிக்கூடத்தில் வேலை அதிகம், வேறொன்றுமில்லை. இங்கே நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. ரசம் வைத்தால் பெருங்காய வாசனைக்கு மாடிக் கிழவி இறங்கி வந்து, ஏதாவது கருகுகிறதா என்று கேட்கிறாள். எழுபத்தெட்டு வயது. தினமும் காலையில் படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு குதிகாலை ஏற்றி இறக்குவாள். நான் வேலைக்கு இறங்கும்போது வழிவிட மாட்டாள். இருபது எண்ணி முடிய வேண்டும்.

நம் பாரதி லீட்ஸில் உடற்பயிற்சிக்கு ரிஃபார்மர் பிலாட்டீஸில் சேருவதா, பார் வகுப்பில் சேருவதா என்று கேட்டிருந்தாயே, கிழவி செய்வதுதான் பாரில் பாதி. பாலே ஆடுகிறவர்கள் பிடித்துக்கொள்ளும் கம்பிக்குத்தான் பார் என்று பெயர். இந்தப் பயிற்சி, முதுகில் அடிபட்ட லோட்டே பெர்க் என்ற நடனக்காரி 1959-ல் இந்த ஊரிலேயே, மான்செஸ்டர் தெருவில் தொடங்கியது. ரிஃபார்மர் என்பது ஜோசப் பிலாட்டீஸ் என்ற ஜெர்மானியர் உண்டாக்கிய கட்டில் மாதிரி ஒரு சாதனம். சக்கரத்தில் ஓடும் பலகை, அதை இழுத்துப் பிடிக்க நாலைந்து ஸ்பிரிங், உதைக்க ஒரு கம்பி, கையிலும் காலிலும் மாட்ட வார்.

நாளெல்லாம் உட்கார்ந்து படித்து இடுப்பு வலிக்கிறது என்கிறாள் அல்லவா? முதல் இரண்டு மாதம் ரிஃபார்மர்தான். படுத்தபடி உதைப்பதால் உடம்புப் பாரம் முதுகில் இறங்காது. தப்புச் செய்தால் சாதனமே காட்டிக்கொடுத்துவிடும்: பலகையை அடக்கித் திருப்பாமல் விட்டால் 'டங்' என்று தடுப்பில் மோதும். ஆனால் ஒன்று, ஸ்பிரிங்கைக் குறைத்தால் சுலபம் என்று நினைத்துவிட வேண்டாம். படுத்து உதைக்கும்போது அது சரி. கையூன்றி உடம்பை நேராக நீட்டி நிற்கும்போது ஸ்பிரிங் குறையக் குறையப் பலகை வழுக்கும், வயிறுதான் பிடித்து நிறுத்த வேண்டும். ஸ்பிரிங்கின் பலத்தைக் காட்டும் நிறமும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஓரிடத்துச் சிவப்பு இன்னோர் இடத்துச் சிவப்பு ஆகாது, கேட்டுத்தான் மாட்ட வேண்டும்.

இடுப்பைத் தூக்கும் பயிற்சிக்கு முன் தலைமாட்டைத் தாழ்த்தச் சொல், இல்லாவிட்டால் கழுத்தில் பாரம் விழும். நின்று செய்வதற்கு ஏறும்போது முதல் கால் சாதனத்தின் அசையாத மேடையில், இறங்கும்போது கடைசிக் கால் அதே மேடையில். ஸ்பிரிங் கழற்றிய பலகையில் ஒருபோதும் கால் வைக்கக் கூடாது. இங்கே நான் பார்த்த விழுகை எல்லாம் அப்படித்தான்.

பார் மோசமில்லை. குதிகாலைச் சற்றே தூக்கி, முழங்காலை மடக்கி, ஓர் அங்குலம் கீழே ஓர் அங்குலம் மேலே என்று முப்பது நாற்பது தடவை. தொடை நடுங்கும், நடுங்கட்டும். முழங்காலில் சுருக்கென்று குத்தினால் நிறுத்திவிட வேண்டும். பாதத்தை வெளிப்பக்கம் திருப்புவது இடுப்பு மூட்டிலிருந்து வரணும். பாதத்தை மட்டும் திருப்பினால் முழங்கால் முறுக்கிக்கொள்ளும். முழங்கால் எப்போதும் இரண்டாவது கால்விரல் பக்கமே பார்க்க வேண்டும். இன்னொன்று, இடுப்பை உள்ளே சுருட்டியபடியே நிற்கச் சொல்வார்கள். வலி உள்ளவளுக்கு அதுதான் ஆகாது. பாட்டுச் சத்தத்தில் யாரும் வந்து திருத்துவதும் இல்லை.

காசு விஷயம். எங்கள் இடத்தில் ரிஃபார்மர் ஒரு வகுப்பு 24 பவுண்டு, பார் 18. இரண்டிலும் புதியவர்களுக்குச் சலுகை உண்டு, அதைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கட்டும். ஒரு ஆசிரியைக்குப் பன்னிரண்டு கட்டில் போட்டு, காதில் மைக்கை மாட்டிக்கொண்டு மேடையில் நின்றே சொல்லித்தருகிற இடமானால் ரிஃபார்மரே வேண்டாம். ஆள் குறைந்த பார் வகுப்பு மேல். அடியில் ரப்பர்ப் புள்ளி வைத்த சாக்ஸ் ஒரு ஜோடி வாங்கிக்கொள்ளட்டும், அங்கே விற்பது விலை அதிகம். காலுக்குள் வலி இறங்கினாலோ கால் மரத்துப்போனாலோ வகுப்பு எதுவும் வேண்டாம், முதலில் டாக்டர்.

சனி ஞாயிறும் வேலைக்குப் போகிறேன், வீட்டில் பொழுது போகவில்லை. கூடத்தை அடைக்கும்போது கட்டில்களைத் துடைத்துப் பலகைகளை ஒவ்வொன்றாகத் தள்ளிவிடுவேன். அந்தச் சத்தம் நம் வீட்டு ஊஞ்சல் சத்தம் மாதிரியே இருக்கும். நேற்று ஒரே பலகையை நாலைந்து தடவை தள்ளிக்கொண்டு நின்றேன். கார்த்திகைக்கு அம்மா பொரியுருண்டை பிடித்தாளா? கடையில் வாங்கினேன் என்று மட்டும் எழுதாதே.

அடுக்களைச் சுவர் இந்த மழைக்கும் ஒழுகினால் கொத்தனாரை இப்போதைக்குப் பூச மட்டும் சொல். கூரை தை பிறந்ததும் பார்க்கலாம், பணம் அப்போது அனுப்புகிறேன். அப்பா கண் ஆபரேஷனைத் தள்ளிப்போட விடாதே, அத்தானைக் கூடப் போகச் சொல். கீழக்காட்டுப் பங்கு விஷயத்தில் தம்பி சொல்வதற்கு எனக்குச் சம்மதம். என் கையெழுத்து வேண்டுமானால் இங்கே தூதரகத்தில் சான்று வாங்கி அனுப்ப வேண்டும், நாள் பிடிக்கும், முன்கூட்டியே சொல்லுங்கள். வீட்டு வரி ரசீது பீரோ மேல்தட்டில், அம்மாவின் மாம்பழக் கலர்ப் பட்டுக்கு அடியில் இருக்கிறது.

அன்புடன்,
மீனா