மலேசியாவில் பாகோ பக்கம் லாரியை நிறுத்திய தம்பிக்கு

வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் நானும் மனைவியும் படுத்துத் தூங்க வசதியுள்ள வாடகை கேம்பர் வேனில் பினாங்கு வரை போய்விட்டு, கிட்டத்தட்ட 700 கிலோமீட்டர் ஜோகூர் பாருவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம், அப்புறம் பாலம் தாண்டினால் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ், வீடு. பாகோ தாண்டியதும் பின் டயர் வெடித்தது. இருட்டு, நல்ல மழை, ஓரத்தில் நிறுத்தினாலும் போகிற ஒவ்வொரு லாரிக்கும் வேன் ஆடுகிறது.

நீங்கள்தான் நின்றீர்கள் தம்பி. “அங்கிள், ஆன்ட்டியைக் கூட்டிக்கிட்டு ரோட்டோரத் தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் போய் நில்லுங்க” என்றீர்கள். துருப்பிடித்த நட்டு அசையாததால் ஸ்பேனர் மேல் ஏறி நின்று மிதித்தீர்கள், சட்டையெல்லாம் சேறு. பணமும் வாங்கவில்லை. மச்சாப் ஓய்விடம் வரை பின்னாலேயே வந்தீர்களே, அதை என் மனைவி தினமும் சொல்கிறாள். பதற்றத்தில் உங்கள் பேரைக்கூடக் கேட்கவில்லை. ரொம்ப நன்றி தம்பி.